வார்டில் சுற்றி நிற்கும் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள்: நோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலை ஏழரை மணி. அரசாங்க மருத்துவமனை ஒன்றின் பெண்கள் வார்டு. காலில் ஆறாத புண்ணுடன் படுத்திருக்கும் 60 வயது அம்மா ஒருவர் பசியாறி முடித்து இப்போதுதான் தலையணையில் சாய்ந்திருக்கிறார். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெள்ளைக் கோட்டு அணிந்த நான்கு இளையோர் வருகிறார்கள். கையில் சிறிய குறிப்புப் புத்தகம், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்.

“ஆண்டி, உங்ககிட்ட கொஞ்சம் பேசலாங்களா? இந்தப் புண் எப்போ வந்துச்சு?”

“நேத்து ராத்திரியே எல்லாத்தையும் சொல்லிட்டேனேம்மா. திரும்பவும் முதல்லேருந்து சொல்லணுமா?”

பெரிய மருத்துவமனைகளில் படுத்து எழுந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. வந்தவர்களை டாக்டர் என்று நினைத்து, வீட்டுக்கு எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ‘நம்மை வைத்துப் பழகுகிறார்கள்’ என்று மனம் சுருங்குபவர்களும் உண்டு. இந்தப் பிள்ளைகள் யார், எதற்காக வருகிறார்கள், அவர்களுக்கு எதுவரை அனுமதி என்பதை நோயாளிக்கு யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. குழப்பத்துக்கு அதுதான் காரணம்.

வந்திருப்பவர்கள் மருத்துவ மாணவர்கள். டாக்டர்களின் பின்னால் நிழல்போல் நடந்து, பார்த்து, கேட்டு, அவர்கள் கண்முன் செய்து பழகுவதுதான் அவர்களுடைய படிப்பில் பாதிக்கு மேல். அந்தப் படிப்புக்கு நோயாளியின் உதவி வேண்டும். உதவுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை நோயாளியுடையது.

படுக்கையருகே யார் யார்?

வார்டில் வெள்ளைக் கோட்டு அணிந்த எல்லாரும் ஒரே நிலையில் இருப்பவர்கள் அல்லர். மருத்துவ மாணவர் இன்னும் டாக்டர் ஆகவில்லை. அவர் மருந்து எழுத முடியாது, சிகிச்சையை மாற்ற முடியாது, ‘நீங்கள் வீட்டுக்குப் போகலாம்’ என்றும் சொல்ல முடியாது.

அவருக்கு அடுத்த படியில் இருப்பவர் ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி மருத்துவர். பட்டம் பெற்று, 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ் தற்காலிகப் பதிவு பெற்றவர். ரத்தம் எடுப்பது, மருத்துவக் குறிப்பு எழுதுவது என வார்டின் அன்றாட வேலைகளில் பெரும்பகுதி இவர் தலையில்தான். அவருக்கு மேலே எம்.ஓ. எனப்படும் மருத்துவ அதிகாரி. அவருக்கும் மேலே நிபுணத்துவ மருத்துவர், மலாயில் ‘பாக்கார்’. காலையில் படுக்கை படுக்கையாகச் சென்று முடிவெடுக்கும் ‘வார்டு ரவுண்டு’க்குத் தலைமை தாங்குபவர் பெரும்பாலும் அவர்தான். அந்த ஊர்வலத்தின் கடைசியில், எட்டிப் பார்த்தபடி நிற்பவர்கள்தான் மாணவர்கள்.

சந்தேகம் இருந்தால் நேராகவே கேட்கலாம்: “நீங்க டாக்டரா, மாணவரா?” மலாயில் என்றால், “இனி டாக்டர் கா, பெலாஜார் கா?” தம்மை மாணவர் என்று சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்வது அவர்களுக்கு முதலில் கற்பிக்கப்படும் பாடங்களில் ஒன்று. கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

ஐந்து ஆண்டில் மூன்று ஆண்டு வார்டில்

நம் நாட்டில் மருத்துவப் பட்டப்படிப்பு பெரும்பாலும் ஐந்து ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகள் உடற்கூறு, உடலியக்கம், மருந்தியல் போன்ற பாடங்கள் வகுப்பறையிலும் ஆய்வுக்கூடத்திலும் நடக்கும். அடுத்த மூன்று ஆண்டுகள் மருத்துவமனையில். பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், எலும்பு முறிவு, மனநலம் என ஒவ்வொரு துறையிலும் சில வாரங்கள் தங்கிப் படிப்பார்கள். இதை ‘போஸ்டிங்’ என்பார்கள்.

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் துவாங்கு முஹ்ரிஸ் வேந்தர் மருத்துவமனை, கிளந்தான் குபாங் கெரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவை பல்கலைக்கழகங்களின் சொந்த மருத்துவமனைகள். தனியார் கல்லூரிகள் பெரும்பாலும் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளையே நம்பியிருக்கின்றன. கெடாவில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர்களைச் சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையில் பார்க்கலாம். சிரம்பான், ஈப்போ, பினாங்கு, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிகளிலும் மாணவர்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். இவை எல்லாமே தோட்டத்திலிருந்தும் தாமானிலிருந்தும் நம் மக்கள் சிகிச்சைக்குப் போகும் இடங்கள். அதனால்தான் இந்த விஷயம் நம் வீட்டு வாசல் வரை வருகிறது.

மாணவரை விரிவுரை மண்டபத்திலிருந்து எழுப்பி நோயாளியின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும் வழக்கம் புதிதல்ல. 1890களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் இதை ஒரு முறையான பயிற்சியாக ஆக்கினார். அது பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.

நம் மூத்த தலைமுறைக்கு இன்னோர் உதாரணமும் தெரியும். தோட்டத்து டிரசர் பெரிய மருத்துவமனையில் டாக்டர்களோடும் தாதியரோடும் நின்று, பார்த்துப் பார்த்தே கைப்பழக்கம் பெற்றவர். புண்ணைக் கட்டுவது, காய்ச்சலைக் கணிப்பது, எந்த நோயாளியை உடனே லாரியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவெடுப்பது, இவையெல்லாம் அவருக்குப் புத்தகத்தில் இருந்து மட்டும் வந்தவை அல்ல.

ஏன் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்?

நோயாளியிடம் முழு விவரம் கேட்டு எழுதுவதை மருத்துவமனையில் ‘கிளார்க்கிங்’ என்கிறார்கள். அதற்கு ஒரு வரிசை உண்டு. பெயர், வயது, வேலை, என்ன தொந்தரவு, எப்போது தொடங்கியது, முன்பு என்னென்ன நோய், என்ன மருந்து, எந்த மருந்துக்கு ஒவ்வாமை, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், வீடு எப்படி, புகை அல்லது மது உண்டா என்று அது நீளும்.

வலி என்றால் மட்டும் எட்டுக் கேள்விகள். எந்த இடம், எப்போது தொடங்கியது, குத்துகிறதா எரிகிறதா அழுத்துகிறதா, வேறு எங்காவது பரவுகிறதா, கூடவே வாந்தி வியர்வை உண்டா, எவ்வளவு நேரம் இருக்கிறது, எதனால் கூடுகிறது அல்லது குறைகிறது, பத்துக்கு எத்தனை என்று. இதில் ஒன்று விடுபட்டாலும் நோய் மாறிப்போகலாம். நடுநெஞ்சில் அழுத்தி இடது கைக்குப் பரவும் வலி ஒன்று. சாப்பிட்ட பின் படுத்தால் எரியும் வலி வேறொன்று.

நேற்றிரவு ஹவுஸ்மேன் கேட்டது சிகிச்சை தொடங்குவதற்காக. காலையில் மாணவர் கேட்பது தானே விசாரித்து, தானே யோசித்து, ‘இது இந்த நோயாக இருக்கலாம்’ என்ற முடிவுக்கு வரப் பழகுவதற்காக. அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதினால் அந்தப் பழக்கம் வராது. நோயாளி சில சமயம் நேற்று மறந்ததை இன்று சொல்வார் என்பதும் டாக்டர்களுக்குத் தெரியும்.

தொடக்கத்தில் பார்த்த அம்மாவையே எடுத்துக்கொள்வோம். இரவு அவசரத்தில் எழுதப்பட்ட குறிப்பில் ‘இனிப்பு நீர், காலில் புண், இரண்டு வாரம்’ என்று மட்டும் இருக்கலாம். மாணவருக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து பேச நேரம் இருக்கிறது. பேச்சுவாக்கில் வேறு விஷயங்கள் வெளிவரும். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். ரப்பர் பூட்ஸ் ஓர் அளவு சிறியது. காலில் குத்தியது தெரியவே இல்லை. கிளினிக்குக்குப் போக வாகனம் இல்லாததால் ஒரு மாதமாக மாத்திரை இல்லை. புண்ணுக்கு மருந்து போடுவதோடு, காலில் உணர்ச்சி குறைந்திருப்பதையும் மாத்திரை நின்றுபோனதையும் கவனிக்காவிட்டால் அடுத்த புண் வந்தே தீரும். இந்த விவரத்தை மாணவர் நிபுணரிடம் எடுத்துச் சொன்னால், வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடே மாறலாம்.

‘மயக்கம்’ என்றால் எந்த மயக்கம்?

விவரம் கேட்பதில் மொழி பெரிய பங்கு வகிக்கிறது. நாம் சாதாரணமாகச் சொல்லும் சில சொற்களுக்கு மருத்துவத்தில் இரண்டு மூன்று அர்த்தங்கள் உண்டு.

‘மயக்கமா இருக்கு’ என்று ஒருவர் சொன்னால், அறை சுற்றுவதுபோல் இருக்கிறதா, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா, நினைவே தப்பி விழுந்தாரா என்று கேட்க வேண்டும். முதலாவது காதுக்குள் இருக்கும் கோளாறாக இருக்கலாம். இரண்டாவது ரத்த அழுத்த மாத்திரையால் வரலாம். மூன்றாவது இதயத் துடிப்பின் கோளாறாகவோ, ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்ததாகவோ இருக்கலாம். மலாயில் ‘பெனிங்’ வேறு, ‘பெங்சான்’ வேறு. தமிழில் இரண்டுக்கும் ‘மயக்கம்’ என்றே சொல்லிவிடுகிறோம்.

‘இழுப்பு’ என்ற சொல்லும் அப்படித்தான். ஆஸ்துமாவில் மூச்சு வாங்குவதும் இழுப்பு, வலிப்பு வருவதும் இழுப்பு. ‘கை கால் இழுத்துக்கிச்சு’ என்றால் பக்கவாதம். மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு. நெஞ்சு வலியை ‘வாய்வு’ என்று சொல்லிவிடும் பழக்கம் அதைவிட ஆபத்தானது. கேட்பவரும் அதை நம்பிவிட்டால் மாரடைப்பு தவறிப்போகும்.

‘இனிப்பு நீர்’ என்பது மலாயின் ‘கென்சிங் மானிஸ்’ என்பதை ஒட்டி நம் நாட்டில் புழங்கும் சொல். அது நீரிழிவுதான் என்று இங்கு வளர்ந்த தமிழ் மாணவருக்கு உடனே புரியும். அதனால்தான் மலாய் சரளமாக வராத பாட்டி தாத்தாக்களிடம் பேச வேண்டும் என்றால் வார்டில் தமிழ் மாணவரைத் தேடுவார்கள். மலாய், சீன மாணவர்களும் ‘எங்கே வலி?’, ‘மூச்சு இழு, விடு’ என்ற அளவுக்குத் தமிழ் கற்றுக்கொள்வதுண்டு. பேத்தி வயதுப் பெண் ‘இழு, விடு’ என்று ஒருமையில் சொல்லும்போது பாட்டிகள் கோபப்படுவதில்லை, சிரித்துவிடுகிறார்கள்.

நோயாளிகள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. நோயின் பெயரைச் சொல்வதைவிட, என்ன நடந்தது என்று சொல்லுங்கள். ‘வாய்வு’ என்பதற்குப் பதிலாக, ‘படியேறும்போது நடுநெஞ்சு அழுத்துது, உட்கார்ந்தா சரியாகுது’ என்றால் கேட்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்கச் சிறு பிள்ளைகளைக் கூப்பிடாமல் இருப்பது நல்லது. பிள்ளை முன்னால் தாய் சில விஷயங்களைச் சொல்ல மாட்டார்.

கண், கை, காது

விவரம் கேட்ட பிறகு உடல் பரிசோதனை. பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது என்று அதற்கு நான்கு படிகள். பெரும்பாலும் படுக்கையின் வலப்பக்கம் நின்று, கையிலிருந்து தொடங்குவார்கள். நகம் வெளுத்திருக்கிறதா, விரல் நுனி உருண்டு வீங்கியிருக்கிறதா, நாடி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நகத்தைப் பார்ப்பவர் நுரையீரலையும் இதயத்தையும் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

முதுகில் விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டுவது பலருக்கு வேடிக்கையாகத் தோன்றும். 1761இல் வியன்னாவைச் சேர்ந்த ஆவுன்புருக்கர் என்ற மருத்துவர் இந்த முறையை எழுதி வெளியிட்டார். அவர் தந்தை விடுதி நடத்தியவர். மதுப் பீப்பாயைத் தட்டிப் பார்த்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைச் சிறுவயதில் பார்த்துப் பழகியவர் அவர் என்பார்கள். நாம் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோலத்தான். காற்று நிறைந்த நுரையீரல் ‘டொம்’ என்று ஒலிக்கும். நீர் கோத்திருந்தால் ஒலி மங்கிப்போகும். ஸ்டெதஸ்கோப் அதற்குப் பிறகு வந்தது. 1816இல் பாரிஸில் லனெக் என்ற மருத்துவர் ஒரு பெண் நோயாளியின் மார்பில் காதை வைக்கத் தயங்கி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டதில் பிறந்தது அது.

இந்த ஒலி வேறுபாட்டைக் காணொளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் விரலுக்குப் பழக்கம் வர வேண்டுமானால் பல பேரின் முதுகைத் தட்டியே ஆக வேண்டும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது மருத்துவ மாணவர்கள் வார்டுகளிலிருந்து விலக்கப்பட்டு, வீட்டில் கணினி முன் பாடம் கற்றார்கள். வயிற்றைத் தொட்டால் நோயாளியின் முகம் சுளிப்பதைத் திரையில் கற்க வழியில்லை.

அம்மாவின் பாதத்தில் மாணவர் மெல்லிய நைலான் இழையால் தொட்டு, “தெரியுதாங்க ஆண்டி?” என்று கேட்பதும் இந்தப் பரிசோதனையில் ஒரு பகுதி. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. அது பட்டது தெரியவில்லை என்றால் முள் குத்தினாலும் தெரியாது என்று பொருள்.

பின்னால் நடந்து கற்பது

வார்டு ரவுண்டில் நிபுணர் மாணவரைப் பார்த்து, “இவருக்கு என்ன?” என்று கேட்பார். மாணவர் இரண்டு மூன்று நிமிடத்தில் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். தவறினால் அங்கேயே திருத்தப்படுவார், சில சமயம் கடுமையாகவே. ஆங்கிலத்தில் நடக்கும் அந்தப் பேச்சைக் கேட்டு, ‘எனக்கு ஏதோ பெரிய நோயாம், அதான் திட்டுகிறார்’ என்று பயந்துபோகும் நோயாளிகள் உண்டு. பெரும்பாலும் அது பாடம்தான். பயமாக இருந்தால், ரவுண்டு முடிந்ததும் “என்ன பேசினீங்க, எனக்கும் சொல்லுங்க” என்று கேட்பதில் தவறில்லை.

நிழல்போல் நடப்பதில் புத்தகம் தராத பாடங்கள் கிடைக்கின்றன. கெட்ட செய்தி சொல்லும்போது நல்ல டாக்டர் திரையை இழுத்து மூடி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறார். நோயாளி அழுது முடிக்கும்வரை அடுத்த வார்த்தை பேசாமல் இருக்கிறார். மாணவர் அதைப் பார்க்கிறார். அதேபோல், நின்றபடியே சொல்லிவிட்டு நகரும் டாக்டரையும் பார்க்கிறார். நோயாளியைப் பெயர் சொல்லாமல் ‘14ஆம் கட்டில்’ என்று குறிப்பிடுவதையும் கேட்கிறார். நல்லதோடு கெட்டதும் தொற்றிக்கொள்ளும். மருத்துவக் கல்வியாளர்கள் இதை ‘மறைமுகப் பாடத்திட்டம்’ என்கிறார்கள். ஆகவே யார் பின்னால் நடக்கிறோம் என்பது மாணவருக்கு மிக முக்கியம்.

பட்டம் பெற்ற பிறகும் நிழல் வேலை முடிவதில்லை. புதிய ஹவுஸ்மேன் ஒரு துறைக்கு வந்ததும் முதல் சில நாள் மூத்தவருடன் ஒட்டிக்கொண்டே வேலை பழக வேண்டும். இதற்கு ‘டேகிங்’ என்று பெயர். பயிற்சிக் காலம் முன்பு ஓராண்டாக இருந்தது. 2008இலிருந்து இரண்டு ஆண்டாக்கப்பட்டது.

ஊசி குத்துவது யார்?

‘ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு’ என்பது மருத்துவமனைகளில் புழங்கும் பழைய வாசகம். இன்று அப்படி இல்லை. ரத்தம் எடுக்கவும் ‘பிரானுலா’ போடவும் முதலில் பிளாஸ்டிக் கையில் பழகுகிறார்கள். தையல் போடப் பஞ்சுப் பலகை, நெஞ்சை அழுத்தி உயிர்மீட்கப் பொம்மை. அதன் பிறகே, டாக்டரோ தாதியோ பக்கத்தில் நிற்க, நோயாளியின் சம்மதத்துடன் செய்வார்கள். செய்ததற்கு ‘லாக்புக்’ எனப்படும் பயிற்சிப் பதிவேட்டில் கையொப்பம் வாங்க வேண்டும்.

மாணவர் தொடுவதில் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு வரலாறே சாட்சி. 1840களில் வியன்னாவின் பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயின்ற வார்டில், மருத்துவச்சிகள் பயின்ற வார்டைவிடத் தாய்மார்கள் அதிகமாக இறந்தார்கள். பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேராக வந்து, கை கழுவாமல் தாய்மாரைத் தொட்டதுதான் காரணம் என்று செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டார். 1847இல் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்ததும் இறப்பு சரிந்தது.

அந்தப் பாடம்தான் இன்று ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் கைசுத்தம் செய்யும் திரவப் புட்டியாகத் தொங்குகிறது. நோயாளியைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் கை சுத்தம் செய்ய வேண்டும் என்பது டாக்டர், தாதி, மாணவர் அனைவருக்கும் பொதுவான விதி. “கை கழுவிட்டீங்களா தம்பி?” என்று கேட்கும் பாட்டி மரியாதைக் குறைவாக எதையும் கேட்டுவிடவில்லை.

‘வேண்டாம்’ என்று சொல்லலாமா?

சொல்லலாம். மாணவர்கள் அனுமதி கேட்ட பிறகே பேசவும் தொடவும் வேண்டும். நோயாளி மறுத்தால் நன்றி சொல்லி நகர வேண்டும். மறுத்ததற்காகச் சிகிச்சை குறையக் கூடாது. ‘இலவச ஆஸ்பத்திரி, எதையும் சொல்ல முடியாது’ என்று நம்மவர்கள் நினைப்பது தவறு.

முழுவதும் மறுக்காமல் பாதி சம்மதிக்கவும் செய்யலாம். ‘பேசுறேன், ஆனா தொட வேண்டாம்’, ‘நாலு பேர் வேண்டாம், ஒருத்தர் மட்டும்’, ‘இப்ப வலிக்குது, சாயங்காலம் வாங்க’ என்று சொல்லலாம். மலாயில் சொல்வதானால், “மாஆப், ஹாரி இனி சாயா பெனாட்” என்றாலே போதும். இடையில் பிடிக்காவிட்டால் அங்கேயே நிறுத்தச் சொல்லலாம்.

பெண்களுக்குக் கூடுதலாகச் சில விஷயங்கள்:

• ஆண் மாணவரோ ஆண் டாக்டரோ பரிசோதிக்கும்போது தாதி ஒருவர் உடன் இருக்கும்படி கேட்கலாம்.

• மார்பகம், அந்தரங்க உறுப்பு ஆகியவற்றைப் பரிசோதிக்கத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். ‘வார்டில் சேர்ந்தபோதே சம்மதித்துவிட்டார்’ என்று எடுத்துக்கொள்ள முடியாது. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சையின்போதும், மாணவர் பரிசோதிப்பதற்கு முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும்.

• பிரசவ அறையில் மாணவர் இருப்பதை விரும்பாவிட்டால், வலி கூடும் முன்பே தாதியிடம் சொல்லிவிடுவது நல்லது.

இருபாலருக்கும் பொதுவானது ஒன்று: அனுமதியின்றி யாரும் கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது. வார்டில் கேட்டதை மாணவர் வெளியில் பேசவும் கூடாது. ஏதாவது எல்லை மீறியதாகத் தோன்றினால் வார்டின் பொறுப்பில் இருக்கும் சிஸ்டரிடம் சொல்லலாம். அதற்கும் மேல் போக வேண்டுமானால் மருத்துவமனையின் மக்கள் தொடர்புப் பிரிவு இருக்கிறது.

பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு

வீட்டை அடமானம் வைத்தும், பிடிபிடிஎன் கடன் எடுத்தும் பிள்ளையை மருத்துவம் படிக்க வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. கட்டிடம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, வார்டைப் பற்றிக் கேட்பது முக்கியம். பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் அங்கீகரித்துள்ளதா? மாணவர்கள் எந்த மருத்துவமனைக்குப் போகிறார்கள்? ஒரு டாக்டருக்குப் பின்னால் எத்தனை மாணவர்கள் நடக்கிறார்கள்? அதே வார்டில் வேறு கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்களா?

இந்தக் கேள்விகளுக்குக் காரணம் உண்டு. நாட்டில் மருத்துவக் கல்லூரிகள் முப்பதைத் தாண்டிப் பெருகின. புதிய மருத்துவப் படிப்புகளுக்கு அரசாங்கம் 2011இல் தடை விதித்தது. ஒரே கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால், பின்வரிசையில் நிற்பவர் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்ப்பார். நோயாளிக்கும் அது தொல்லை.

வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைக்கு இன்னொரு சவால். அங்கே அந்த நாட்டு மொழியில் நோயாளியிடம் பேசிப் பழகியவர், திரும்பி வந்ததும் மலாயிலும் தமிழிலும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். விடுமுறையில் வரும்போதாவது பாட்டியிடம் உட்கார்ந்து, அவருடைய முட்டிவலியைப் பற்றித் தமிழில் விசாரித்துப் பழகச் சொல்லலாம். தமிழ்ப்பள்ளியோடு தமிழை விட்டுவிட்ட பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. படிப்பில் சேரும் முன்பே குடும்பத்துக்குத் தெரிந்த டாக்டரின் கிளினிக்கில் அனுமதியோடு சில நாள் உடன் இருந்து பார்ப்பதும் உதவும். ரத்தத்தையும் புண்ணையும் பார்த்து, அழும் குழந்தையின் சத்தத்தில் நின்ற பிறகும் ஆசை மாறவில்லை என்றால், பிள்ளை தெரிந்துதான் கேட்கிறது.

தேர்வில் நோயாளியும் உண்டு

இறுதியாண்டுத் தேர்வில் பல கல்லூரிகள் உண்மையான நோயாளிகளை அழைக்கின்றன. ‘லாங் கேஸ்’ எனப்படும் தேர்வில் மாணவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நோயாளியுடன் தனியாக இருந்து, விவரம் கேட்டு, பரிசோதித்து, பிறகு தேர்வாளர்கள் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். நோயின் பெயரை மாணவரிடம் சொல்லிவிட வேண்டாம் என்று நோயாளியிடம் முன்பே கேட்டுக்கொள்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துத் தாத்தாவாக இருந்தாலும், அந்த ஒரு மணி நேரம் அவருக்குத் தெரிந்த விடை மாணவருக்குத் தெரியாது.

வார்டில் படுத்திருக்கும் அம்மாவிடமும் அதுதான் இருக்கிறது. அவருக்கு முடியவில்லை என்றால், ‘பிறகு வாங்க’ என்று சொல்லலாம். முடிந்தால், பூட்ஸ் கடித்ததிலிருந்து மாத்திரை தீர்ந்துபோனது வரை சொல்லலாம். அந்த நால்வரில் ஒருவர் சில ஆண்டுகளில் ஏதோ ஒரு மாவட்ட மருத்துவமனையில், நள்ளிரவில், தனியாக ஒரு நோயாளியின் காலைப் பார்ப்பார். அப்போது பூட்ஸைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால், அதைக் கற்றுக்கொடுத்தவர் இந்த அம்மாதான்.